ஆயில் மாற்றும் பரீட்சை

பரீட்சையை முன்மொழிந்ததே அப்பாதான்.

அக்கா கார் சாவியைக் கேட்டபோது அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "சனிக்கிழமை வண்டிக்கு ஆயில் மாத்தணும். எப்பவும் போல நானே மாத்தறேன். நீ பக்கத்துல நின்னு பாரு. நான் ஒரு தப்பு பண்ணினாலும் சாவிய எடுத்துட்டுப் போ. பண்ணலைன்னா இந்தப் பேச்ச இனிமே எடுக்கக் கூடாது."

"யாரும் வாய் திறந்து உதவி பண்ணக் கூடாது" என்று அக்கா என்னைப் பார்த்தாள்.

"அவன் எங்க உதவி பண்ணப் போறான்? ஆந்தைக்குப் பகல்ல கண்ணு தெரியுமா?" என்றார் அப்பா.

பார்சல் கிடங்கில் இரவு ஷிஃப்ட் பார்த்த காலத்தில் அவர் எனக்கு வைத்த பெயர் அது. வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்து கிடந்த பிறகும் பெயர் மட்டும் போகவில்லை.

அக்கா சாவி கேட்டதில் தவறில்லை. போன மாதம் அம்மாவை முழங்கால் பயிற்சிக்குக் கூட்டிப்போனவர் திரும்பும்போது வழியை விட்டுவிட்டார். ஏதோ ஒரு தொழிற்சாலையின் வேலி ஓரமாக வண்டியை நிறுத்தி, "கொஞ்ச நேரம் காத்தாட உக்காரலாம்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். நாங்கள் தேடிக் கண்டுபிடிக்கும்வரை காத்தாட உட்கார்ந்திருந்தார்கள். மறதி நோயின் ஆரம்பம் என்றார் டாக்டர். டாக்டருக்கு வயதாகிவிட்டது என்றார் அப்பா.

நான் ஓட்டுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அது தீர்வில்லை என்று எனக்கே தெரியும். வீட்டுக்குள் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை. சண்டை ஒன்றுமில்லை, பேச்சு தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அவர் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் எங்கிருந்தோ ஊறிவரும். எவன் எப்படி வண்டியைத் திருப்புகிறான், எந்த வீட்டுக்கு என்ன பெயின்ட் அடித்திருக்கிறார்கள், யார் பெண் யாரோடு ஓடினாள். திரும்பி வந்து படியேறும்போது இருவர் முகத்திலும் ஒரு தெளிவு இருக்கும். சாவி போனால் அதுவும் போகும்.

சனிக்கிழமை குடியிருப்பின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளைத் தாண்டி இருந்த சிமென்ட் தரையில் எல்லாவற்றையும் பரப்பினார். நன்றாகவே ஆரம்பித்தார். ஆயில் சூடானால்தான் முழுசாக வடியும் என்று தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன் சக்கரங்களை இரும்புச் சரிவுகளில் ஏற்றி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார். பழைய சட்டையை மாட்டிக்கொண்டு அட்டையை விரித்து அடியில் நுழைந்தார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இறுக்கமான இடங்களில் அவர் உடம்பு இன்னும் சொன்னபடி கேட்டது.

அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குக் காரில் பெட்ரோல் போடும் இடம் தெரியும், அதற்குமேல் தெரியாது.

நான் குனிந்து பார்த்தேன். அந்த வண்டிக்கு அடியில் இரண்டு போல்ட். ஒன்று இன்ஜினுக்கு, இன்னொன்று கியர் பாக்ஸுக்கு. ஒரு சாண் இடைவெளிதான், ஒரே ஸ்பானர் இரண்டுக்கும் சேரும். புதிதாகப் பழகுகிறவன் தடுமாறுகிற இடம். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார்.

"வேலைய விட்டவன் வந்து வேலை செய்யறவனை வேடிக்கை பாக்கறான் பாரு" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அக்கா சிரித்தாள். அவள் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்துக்கொண்டே அவர் போல்ட்டைக் கழற்றினார்.

ஆயில் பிடிக்க அடியில் வைத்த தட்டில் விழுந்தது தேன் நிறத்தில் இருந்தது.

இன்ஜின் ஆயில் என்றால் கரிபோல் வந்திருக்க வேண்டும். இது கியர் பாக்ஸ் ஆயில். அக்காவைப் பார்த்தேன். "வாய மூடு" என்று அவள் கண் உருட்டினாள். நான் அவருக்கு எதையோ எடுத்துக் கொடுக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பாள். சரி, அப்பாவே தட்டைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, கடைசிச் சொட்டு வரை வடியவிட்டு, போல்ட்டைத் துடைத்துத் திரும்ப மாட்டினார்.

அடுத்து ஃபில்டர். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையாலேயே திருகி, கடைசியில் கால் சுற்று மட்டும் அழுத்தினார். அந்த வேலையில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. பிறகு மேலே வந்து புது ஆயிலை, சிந்தாமல், இன்ஜினில் ஊற்றினார். பழைய ஆயிலை வடிக்காத இன்ஜின். அதன்மேல் இன்னொரு முழு அளவு.

புனலை எடுத்து மூடியைப் போட்டபோது அக்காவின் கண் கலங்கியிருந்தது. அவளும் அவர் ஜெயிக்க வேண்டும் என்றுதான் நின்றிருக்கிறாள்.

"சரிப்பா, நான் தோத்துட்டேன். வண்டி உங்களுது."

"அம்மாவக் கூப்பிடு. ஒரு ரவுண்டு போயிட்டு வரோம்" என்று சீட்டில் ஏறி உட்கார்ந்து சாவியைச் செருகினார்.

கியர் பாக்ஸில் ஆயிலே இல்லை. இந்தத் தெருவைத் தாண்டுவார்கள். பெரிய சாலையில், பின்னால் லாரி வரும்போது, எங்கோ ஓரிடத்தில் அது இறுகி வண்டி நின்றுவிடும். அம்மா முன் சீட்டில் இருப்பாள்.

"ஸ்டார்ட் பண்ணாதீங்கப்பா."

"ஏன்டா?"

"தட்டைப் பாருங்க."

அவர் இறங்கி வந்து குந்தினார். விரலைத் தட்டில் தொட்டு வெளிச்சத்தில் பிடித்தார், கட்டை விரலோடு தேய்த்தார், மோந்து பார்த்தார். கியர் ஆயிலின் நாற்றம் யாருக்கும் தப்பாது.

"கறுப்பா இருந்திருக்கணும்ல" என்றார்.

"ஆமாப்பா."

"பாத்தேனே. தட்டைப் பாத்தேனே நான்."

அக்காவுக்கு மெல்லப் புரிந்தது. "பரவாயில்லப்பா. இது யாருக்கும் நடக்கறதுதான்."

"யாருக்கும் நடக்கும். எனக்கு நடக்காது." துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். சாவியை உருவி அவள் கையில் வைத்தார். அவள் விரலை மடக்கவில்லை. அவரே மடக்கிவிட்டார்.

அன்று மத்தியானம் நான் கடைக்குப் போய் கியர் ஆயில் வாங்கி வந்து நிரப்பினேன். இன்ஜினில் இருந்ததை எல்லாம் வடித்துப் புதிதாக ஊற்றினேன். அப்பா கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து குப்பைத் தொட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒருமுறை, "வாஷர் புதுசாப் போடு" என்றார்.

திங்கட்கிழமை அம்மாவுக்குப் பயிற்சி. ஓட்டுவது நான். முன் சீட்டில்தான் அவளால் காலை நீட்ட முடியும். அப்பா பின்கதவைத் திறந்து ஏறினார். பெல்ட்டின் கொக்கி கிடைக்காமல் சீட்டைத் தடவிக்கொண்டிருந்தார். கிடைக்கும்வரை வண்டியை எடுக்காமல் இருந்தேன்.

சந்தைத் திருப்பம் வந்தது. அங்கே அம்மா ஜன்னல் பக்கம் குனிந்தாள்.

"அந்தத் தையல்காரர் கடைய இடிச்சிட்டாங்க, பாத்தீங்களா?"

என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. பின்னால் இருந்த அப்பாவுக்குக் காதில் விழவில்லை.

"என்ன சொன்னே?" என்று அவர் முன்னால் நகர்ந்தார்.

"ஒண்ணுமில்ல" என்றாள் அம்மா.