பார்க்கலாம் என்ற அதிபர்

பதவியேற்ற நிமிடத்திலிருந்து அதிபர் லெமுவல் ஹாஸ்கெட்டின் கால்கள் தரையில் படவில்லை. அந்த மார்ச் நான்காம் தேதி வாஷிங்டனில் பனி கண்ணை மறைத்தது. காற்று தொப்பிகளைப் பறித்துக்கொண்டு போனது. தலைமை நீதிபதி உறுதிமொழியை வாசித்து முடித்து நிமிர்ந்தபோது, "சத்தியம்" என்று சொல்லவேண்டிய ஹாஸ்கெட், ஒஹாயோவில் முப்பது வருஷமாக எல்லோருக்கும் சொல்லிப் பழகிய வார்த்தையைச் சொன்னார்: "பார்க்கலாம்." குளிரில் காது அடைத்திருந்த நீதிபதி தலையாட்டினார், பீரங்கி முழங்கியது, அதிபர் நான்கு விரற்கடை மேலே எழும்பி நின்றார். அந்த வார்த்தை காதில் விழுந்தது ஒருவருக்குத்தான். அதிபருக்குக் குடை பிடித்து நின்ற வெள்ளை மாளிகை வாயிற்காவலர் ஆம்ப்ரோஸ் டில்மன். ஆம்ப்ரோஸ் பேச்சைச் சிக்கனமாகச் செலவழிக்கிறவர். கேட்டதை உள்ளேயே வைத்துக்கொண்டார்.

ஊர் சீக்கிரமே பழகிவிட்டது. செய்தித்தாள்கள் மழை நிலவரத்துக்கும் முட்டை விலைக்கும் நடுவில் அதிபரின் உயரத்தைப் போட்டன. கட்சிகளுக்கு மேலே நிற்கிற மனிதர் என்று சொந்தக் கட்சிக்காரர்கள் மேடையில் பேசினார்கள். எதிராளிகளால் மறுக்க முடியவில்லை. கால்வாய் வேண்டுமென்று வந்தவர்களுக்கும் வேண்டாமென்று வந்தவர்களுக்கும், சுங்கவரியை ஏற்றச் சொன்னவர்களுக்கும் இறக்கச் சொன்னவர்களுக்கும், ஓட்டுரிமை கேட்டு மஞ்சள் ரோஜா செருகி வந்த பெண்களுக்கும் ஒரே பதில்தான். ஒவ்வொரு பார்க்கலாமுக்கும் ஒரு நூல் உயர்ந்தார். மூன்றாவது புத்தாண்டில் ஊர்ஜனம் வழக்கம்போல் வரிசையில் வந்து அதிபரிடம் கைகுலுக்கியபோது, நெட்டையானவர்களுக்குக் கை கிடைத்தது. மற்றவர்கள் பூட்ஸைக் குலுக்கிவிட்டுத் திருப்தியாகப் போனார்கள். மேல் சன்னல் திறக்கிற கொக்கிக்கழியைக் காலரில் மாட்டி ஆம்ப்ரோஸ் அவரை அறைக்கு அறை கூட்டிப்போனார். தேயவே தேயாத அந்த பூட்ஸுக்குத் தினமும் ஏணியில் ஏறி பாலிஷ் போட்டதும் ஆம்ப்ரோஸ்தான்.

ஆம்ப்ரோஸின் அக்கா கோர்டிலியா, மேரிலாந்தில் சிப்பி அள்ளிப் பிழைக்கிற ஒரு சிற்றூரில் போஸ்ட்மாஸ்டர். அந்த வேலைக்கு ஆயுள் நாலு வருஷம்; அதிபர் மறுபடி கையெழுத்திட்டால்தான் நீளும். கறுப்புப் பெண் கையால் கடிதம் வாங்கப் பிடிக்காத சிலர் செனட்டர் கேத்கார்ட்டைப் பிடித்தார்கள். செனட்டர் அந்த நாற்காலியைத் தன் மச்சினனுக்குக் கேட்டார். "பார்க்கலாம்," என்றார் அதிபர். ஆம்ப்ரோஸ் ஏணியில் நின்றபடி அக்காவுக்காகக் கேட்டார். "பார்க்கலாம்." அன்று இரண்டு நூல்.

ஞாயிற்றுக்கிழமை சிப்பி வறுவலைத் தட்டில் தள்ளியபடி கோர்டிலியா கேட்டாள்: "உன் துரை தரைக்கு வருவாரா, இல்ல நான் மூட்டையைக் கட்டவா?"

"கொஞ்சம் பொறு அக்கா."

"பொறுத்துப் பொறுத்து எனக்கே கால் தரையில நிக்கல. அந்த மச்சினன் தன் பேரையே எழுத்துக் கூட்டித்தாண்டா படிப்பான். அவன் கையிலயா ஊர்க் கடுதாசி?"

ஆம்ப்ரோஸ் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவரை வேறொன்று அரித்தது. சத்தியம் செய்யாதவர் அதிபரா? அவர் போடுவது கையெழுத்தா, வெறும் மையா? அந்தக் குளிர்காலம் முழுவதும் இதையே மென்றுகொண்டிருந்தார். தேர்தல் வந்தது. இன்னொரு தடவை வேண்டுமென்றார் ஹாஸ்கெட். பார்க்கலாம் என்றார்கள் ஜனங்கள்.

பதவியின் கடைசி நாள் காலை பதினொன்றேகாலுக்கு, தலை கூரையில் முட்டி நின்ற அதிபரிடம் ஆம்ப்ரோஸ் அக்காவின் வேலையை நீட்டிக்கிற தாளோடு ஏணியில் ஏறினார்.

"ஐயா, அன்னிக்குப் பனியில நீங்க சத்தியம்னு சொல்லல. குடை பிடிச்சவன் நான்."

அதிபர் குனிந்து பார்த்தார். "வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் குடைக்கும்."

"இப்பச் சொல்லி என்ன ஆகப்போகுது ஆம்ப்ரோஸ்? பன்னெண்டு மணிக்கு நான் யாரோ."

"முக்கால் மணி நேரம் இருக்குங்க. எங்க அக்காவுக்கு ஒரு நிமிஷம் போதும்."

அதிபரின் உதடுகள் 'பா' சொல்ல ஒட்டியதை ஆம்ப்ரோஸ் பார்த்தார். ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டார். உதடுகள் சத்தமில்லாமல் பிரிந்தன. வாயிற்காவலர் உறுதிமொழி செய்விக்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. ஆம்ப்ரோஸ் நாலு வருஷமாக மனதில் இருந்ததை ஒரு எழுத்து பிசகாமல் சொல்லி முடித்தார்.

"சத்தியம்," என்றார் ஹாஸ்கெட்.

இறகு விழுவதுபோல இறங்கினார். தேயாத பூட்ஸ் பளபளத்த தரையில் வழுக்கியது, ஆம்ப்ரோஸ் தாங்கிக்கொண்டார். மேசையில் உட்கார்ந்து கையெழுத்திட்டார். மை உலருமுன் செனட்டர் உள்ளே வந்தார்.

"என் மச்சினன் விஷயம் பார்க்கலாம்னு சொன்னீங்களே?"

"பார்த்தாச்சு," என்றார் அதிபர்.

நாற்பது நிமிஷம் அவர் அதிபராக இருந்தார் என்பது ஆம்ப்ரோஸின் கணிப்பு. அந்த ஆட்சியின் ஒரே செல்லுபடியான தாள் கோர்டிலியாவின் ஸ்டாம்ப் சன்னலுக்கு மேலே சட்டமிட்டுத் தொங்கியது.

அன்று பிற்பகல் புதிய அதிபரின் மனைவி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். கூரையில் இருந்த வட்டக் கறையைக் காட்டி என்னவென்று கேட்டாள்.

"முன்னால இருந்த ஐயாவோட தலையெண்ணெய்ம்மா."

அவள் அண்ணாந்து பார்த்தாள். "அந்த ஏணியை எடுத்துடாதீங்க," என்றாள். "எங்க வீட்டுக்காரரும் யாருக்கும் இல்லேன்னு சொல்லமாட்டார்."