பின்கதவுப் பூட்டு

மைக் செட் போடுகிறவனுக்குக் காது சீக்கிரம் மரத்துப்போகும். எந்த மேடையானாலும் "சுதந்திரம்" என்று வரும் இடத்தில் தலைவரின் குரல் எகிறும். அதற்கு முன்பே நான் சத்தத்தைக் குறைத்துவிடுவேன், இல்லாவிட்டால் ஸ்பீக்கர் கிழிந்துவிடும். யாருக்கு, எதிலிருந்து என்று அந்த மனிதர் ஒருநாளும் சொன்னதில்லை. கேட்கிறவர்கள் தலையாட்டிவிட்டு, தங்களுக்கு வேண்டியதைத்தான் அவர் சொன்னதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

என் அக்காவும் அப்படித்தான் போனாள். தையல் கம்பெனியில் சட்டைக்குக் காஜா போடுகிறவள். துணி திருட்டுப் போகிறதென்று முதலாளி அங்கே பின்கதவைப் பூட்டியே வைத்திருந்தார். போன மழைக்காலத்தில் மின்சாரப் பெட்டி புகைந்தபோது, அத்தனை பேரும் முன்வாசலில் முட்டி மோதியதில் பக்கத்து மெஷின்காரிக்குக் கை முறிந்தது. அன்றிலிருந்து அக்காவுக்கு அந்தக் கதவு நினைப்புதான். ஒரு கூட்டம் முடிந்ததும் நானே அவளைத் தலைவரிடம் கூட்டிப்போனேன். கதவு விஷயத்தைச் சொன்னாள்.

"உங்க சுதந்திரத்துக்காகத்தாம்மா இப்படி ஓடிட்டிருக்கேன்" என்றார் அவர். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

தேர்தலில் அவர் ஜெயித்தார். தொழில் சுதந்திரச் சட்டம் வந்தது. முதலாளி எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தார், பெண்கள் வாயெல்லாம் பல்லாக வாங்கித் தின்றார்கள். முதலாளி அனுமதிக்காமல் இனி எந்த அதிகாரியும் உள்ளே வந்து சோதனை போட முடியாது என்பதுதான் அந்தச் சட்டம். அதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வதில் யாருக்கு என்ன லாபம்?

மறுநாள் பட்டப்பகலில், சூப்பர்வைசர் கண்ணெதிரிலேயே, அக்கா சுத்தியலால் பூட்டை உடைத்தாள். ஒளிவுமறைவே இல்லை. அதுதான் சட்டமே வந்துவிட்டதே. சாயங்காலத்துக்குள் கதவுக்குப் புதுப் பூட்டு வந்துவிட்டது, அக்கா போலீஸ் ஸ்டேஷனில் இருந்தாள்.

நான் தலைவர் வீட்டுக்கு ஓடினேன். அடுத்த கூட்டத்துக்காகச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா பாவம்தான் தம்பி. ஆனா கம்பெனி நடத்தறவருக்கும் சுதந்திரம் இருக்குல்ல? போலீசு, கோர்ட்டு எல்லாம் சுதந்திரமா இயங்கணும். நான் எப்படித் தலையிடறது?"

கனிவாகத்தான் சொன்னார். ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. ஆனால் என் கை இரண்டும் கும்பிட்டபடியே நின்றன.

ஸ்டேஷனில் அக்கா வெறுந்தரையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கம்பியருகே வந்தாள்.

"தலைவரப் பாத்தியாடா? என்ன சொன்னாரு?"

வேறெதுவும் எனக்கு வாயில் வரவில்லை. "சுதந்திரத்தப் பத்திச் சொன்னாருக்கா."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. அவிழ்ந்திருந்த கொண்டையை இறுக்கி முடிந்தாள்.

"எனக்குத் தெரியும்டா, அவரு கைவிட மாட்டாரு. என் செருப்ப எங்க வச்சாங்கன்னு கேளு, கெளம்பலாம்."