இருநூற்றைம்பதில் இருநூற்று அறுபத்து மூன்றாவது

மார்ச் 3, 2015, செவ்வாய்

பத்து நாளாக என் பட்டியலில் இருந்த ஒரு தவறை இன்று கண்டுபிடித்தேன். ஒரே ரிவால்வரை இரண்டு ரிவால்வர்களாக எண்ணியிருக்கிறேன்.

நடந்தது இதுதான். ஒருவர் தன்னுடைய ரிவால்வரின் எண் 87 என்று கடிதம் எழுதியிருந்தார். பிறகு அவர் வீட்டுக்கே போய் அதைப் பார்த்த நான், உருளையை வெளியே சாய்த்ததும் உள் இடுக்கில் தெரிந்த 194 என்ற எண்ணை எழுதிக்கொண்டு வந்தேன். அது ரிவால்வரின் எண்ணே அல்ல. பாகங்கள் ஒன்றோடொன்று கலந்துபோகாமல் இருக்க ஆலையில் அடித்துவைக்கும் எண். உண்மையான எண் கைப்பிடியின் அடியில் இருக்கும். அதைப் பார்க்கக் கைப்பிடி மரத்தைக் கழற்ற வேண்டும். கழற்றச் சங்கடப்பட்டு, கண்ணில் பட்டதை எழுதிவிட்டேன். புதிதாக வருகிற எல்லோரும் செய்கிற தவறு இது என்கிறார்கள். நானும் செய்துவிட்டேன்.

நான் படிக்கும் ஊர் வரலாற்று மாலை வகுப்பின் ஆசிரியை ஹாவர்ட்டி, ஆய்வு நாட்குறிப்பில் தவறை முதலில் எழுதச் சொல்லியிருக்கிறார். எழுதிவிட்டேன்.

எங்கள் ஊர் வெல்டன் ஃபால்ஸின் இருநூறாவது ஆண்டுக்காக 1974இல் ஹார்ட்ரிக் துப்பாக்கி ஆலை ஒரு ரிவால்வர் செய்தது. நீலம் பாய்ச்சிய எஃகு, பக்கவாட்டில் எங்கள் அருவியின் செதுக்கல், எண்ணுக்கு முன்னால் WF என்ற எழுத்துகள். அன்றைய விளம்பரத் தாள் ‘இருநூற்றைம்பது மட்டும்’ என்றது. ஆலை மூடிப் பல வருடங்களாகிவிட்டன. உண்மையில் எத்தனை செய்யப்பட்டன என்று கண்டுபிடிப்பதுதான் என் வகுப்பு வேலை. சேகரிப்பாளர் சங்கமும் அதற்காகக் காத்திருக்கிறது. சனிக்கிழமை தீயணைப்பு நிலையக் கூடத்தில் அவர்களுடைய கண்காட்சி.

இன்று மாலை அங்கே சங்கக் கூட்டம். திருத்தத்தைச் சொன்னேன். தலைவர் வெர்ன் அட்டர்பரி டோனட்டைக் காப்பியில் நனைத்தபடியே, உள் எண்ணிடம் ஏமாறாதவர் இந்தக் கூடத்தில் யாருமில்லை, தானும் இருபத்திரண்டு வயதில் ஏமாந்தவர்தான் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் ரெனாட்டா குபியாக் வந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய அப்பா ஸ்டான்லி ஹார்ட்ரிக் ஆலையின் மெருகுப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தார். போன நவம்பரில் இறந்துபோனார். அப்பாவின் அருவி ரிவால்வரைக் கண்காட்சி மேசையில் வைக்க வேண்டும் என்று கேட்டார். வெர்ன் எண்ணைக் கேட்டார். WF 263.

கூடத்தில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

“செஞ்சதே இருநூத்தம்பது. இது இருநூத்தி அறுபத்தி மூணு. அப்போ இது சாப்பாட்டுப் பெட்டியில வந்ததும்மா” என்றார் வெர்ன்.

ரெனாட்டாவுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆலைக்காரர்கள் வீட்டில் வளர்ந்த எல்லோருக்கும் அது தெரியும். பாகம் பாகமாகத் திருடிச் சாப்பாட்டுப் பெட்டியில் வெளியே கொண்டுவந்து, வீட்டில் ஒன்றுசேர்த்த துப்பாக்கி.

“எங்கப்பா பெட்டியில முட்டைக்கோஸும் ரொட்டியும்தான் இருக்கும். அவரு ஒரு திருகாணியக்கூட வெளிய கொண்டு வந்தவர் இல்ல” என்றார் ரெனாட்டா.

“நான் அவரைத் திருடன்னு சொல்லலையே. எண்ணைச் சொல்றேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான், வெர்ன்.”

அவர் போன பிறகு, விளம்பரத் தாளைத் தவிர வேறு எதையாவது யாராவது பார்த்திருக்கிறார்களா என்று கேட்டேன். யாரும் பார்த்ததில்லை.

மார்ச் 4, புதன்

காலையில் இரும்புச் சாமான் கடை வேலைக்குப் போகும் முன் ரெனாட்டாவின் வீட்டுக்குப் போனேன். என் தவறையே அவரும் செய்திருக்கலாம், உள் இடுக்கு எண்ணைப் படித்துவிட்டு 263 என்று சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன். அப்படி இருந்தால் எல்லாமே சுலபமாக முடிந்துவிடும்.

உருளை காலியா என்று பார்த்தேன். மரத்தைக் கழற்றினேன். கைப்பிடியின் அடியில் தெளிவாக WF 263. எழுத்தும் எண்ணும் ஒரே ஆழத்தில், ஒரே அச்சில் இருந்தன. என் நம்பிக்கை அத்தோடு போயிற்று.

ரெனாட்டா காப்பி ஊற்றிக்கொண்டே, கெட்ட செய்தியா என்று கேட்டார். தெரியாது என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் மட்டும் எனக்குத் தயக்கம் இருந்ததில்லை.

“சனிக்கிழமைக்குள்ள தெரியுமா பொண்ணே? அண்ணன் பசங்க எல்லாம் வர்றாங்க. தாத்தா திருட்டுப் பொருளைக் குடுத்துட்டுப் போனார்னு அவங்க கேட்டுட்டுப் போகக் கூடாது.”

ஆலையின் பழைய தாள்கள் ஊர் நூலகத்தின் கீழ்த்தளத்தில் பதினான்கு பெட்டிகளில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைக்குள் பார்த்துவிடுவேன் என்றேன்.

மார்ச் 5, வியாழன்

கடையில் பாதி நாள் விடுப்பு. நூலகத்தில் பன்னிரண்டு மணியிலிருந்து மூடும்வரை இருந்தேன்.

அனுப்புப் பதிவேடு ஆறாவது பெட்டியில் கிடைத்தது. ரிவால்வர்கள் எண் வரிசையில் ஆலையை விட்டுப் போகவில்லை. எது முதலில் கைக்கு வந்ததோ அது முதலில் போயிருக்கிறது. 12, 140, 3, 266 என்றுதான் வரிசை. ஆகவே ஒன்றிலிருந்து எண்ணிட்ட அட்டைகளை நீளமான மேசையில் பரப்பி, பதிவேட்டில் வந்த எண்ணுக்கெல்லாம் நீலக் கோடு போட்டேன். 241 அட்டைகளில் கோடு விழுந்தது. மிகப் பெரிய எண் 271.

250க்கு மேலும் எண்கள் இருந்திருக்கின்றன, அவை முறைப்படி கடைகளுக்கும் போயிருக்கின்றன. ஆனால் 263 அதில் இல்லை. இரண்டு முறை தேடினேன். மூன்றாவது முறை விரல் வைத்துத் தேடினேன். இல்லை.

மூடுவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது பதினோராவது பெட்டியில் சோதனையாளரின் குறிப்பேடு வந்தது. முதல் பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி: ‘வெட்டிப்போட்ட உடலின் எண்ணை மறுபடி அடிக்காதே.’

அதைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ஹார்ட்ரிக்கில் எண்ணை முதலில் அடித்துவிட்டார்கள். மெருகும் சோதனையும் பிறகுதான். சோதனையில் தேறாத இரும்பு உடலை இரண்டாக வெட்டிக் கழிவில் போட்டார்கள். அந்த எண் அதோடு செத்தது. இருநூற்றைம்பது நல்ல ரிவால்வர்கள் வேண்டுமென்றால் எண் இருநூற்றைம்பதைத் தாண்டித்தான் ஆக வேண்டும். குறிப்பேட்டில் சிவப்பால் அடித்த எண்கள் இருபது; அந்த அட்டைகளில் சிவப்புக் கோடு போட்டேன். அவற்றில் 263 இல்லை.

மார்ச் 6, வெள்ளி

மதிய இடைவேளையில் கடைசி மூன்று பெட்டிகளையும் பார்த்தேன். பதினான்காவதில் வாசல் அனுமதிச் சீட்டுகளின் நகல்கள் இருந்தன. தொழிலாளி எந்தப் பொருளை வெளியே கொண்டுபோனாலும் மேலாளர் கையெழுத்திட்ட சீட்டை வாசற்காவலரிடம் காட்ட வேண்டும். WF என்று தொடங்கும் சீட்டுகள் ஒன்பது. ஊழியர்களுக்கு ஆலையே நேரடியாக விற்றவை; அந்த அட்டைகளில் பச்சைக் கோடு போட்டேன். ஆறாவது சீட்டு: ‘WF 263, ரிவால்வர் ஒன்று, பெட்டியுடன். எஸ். குபியாக், மெருகுப் பிரிவு.’ மேலாளர் கையெழுத்து, வாசல் முத்திரை, அக்டோபர் 18, 1974.

241ம் 9ம் 250. விளம்பரத் தாள் பொய் சொல்லவில்லை. 263ம் பொய் சொல்லவில்லை.

ஆனால் 250ம் 20ம் 270தான். மேசையில் 271 அட்டைகள். ஒரே ஒரு அட்டையில் மட்டும் எந்தக் கோடும் இல்லை: 118. அது கடைக்குப் போகவில்லை, வெட்டப்படவில்லை, வாசல் வழியாகவும் போகவில்லை. மறுபடி எண்ணினேன். தவறு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று இன்னொரு முறையும் எண்ணினேன். மூன்றாம் முறையும் 118தான்.

மாலை ஆறு மணிக்கு வெர்ன் கூடத்தில் மேசை விரிப்புகளைப் போட்டுக்கொண்டிருந்தார். எண் அட்டைகளையும் சீட்டின் நகலையும் அவர் முன்னால் வைத்தேன். அவர் சீட்டை மட்டும் வெகுநேரம் பார்த்தார்.

“செவ்வாய்க்கிழமை உள் எண்ணுக்கும் நிஜ எண்ணுக்கும் வித்தியாசம் தெரியாத பொண்ணு நீ. வெள்ளிக்கிழமை உன் கணக்க நான் எப்படிம்மா நம்புறது?”

நம்ப வேண்டாம், எண்ணிப் பாருங்கள் என்றேன். அவர் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மூன்று குவியலாக வைத்தார். பாதியில், அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்: 118 எனக்குத் தெரியவில்லை. அது எதிலும் சேரவில்லை.

அவர் தலையைத் தூக்கினார்.

“அதை நீ சொல்லாம விட்டிருந்தா நான் கண்டுபிடிச்சிருப்பேன். கண்டுபிடிச்சிருந்தா, இந்த மொத்தத்தையும் குப்பையில போட்டிருப்பேன்.”

“தெரியும். அதான் சொன்னேன்.”

பிறகும் எண்ணி முடித்தார். 241, 20, 9, தனியாக ஒன்று. அந்த ஒன்றை விரலால் தட்டிக்கொண்டே, சாப்பாட்டுப் பெட்டியில் போனது ஏதாவது இருந்தால் அது இதுவாகத்தான் இருக்கும் என்றார். அதுவும் நமக்குத் தெரியாது என்றேன். சிரித்துவிட்டார்.

ரெனாட்டாவை அவரே தொலைபேசியில் அழைத்தார். அவர் சொன்னதில் எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: “நான் சொன்னது தப்பு, ரெனாட்டா. ஸ்டான் வாசல் வழியாத்தான் கொண்டு போயிருக்கார். கையெழுத்து இருக்கு.” பிறகு ரெனாட்டா ஏதோ சொல்ல, வெர்ன் என் பக்கம் திரும்பி, உனக்கு முட்டைக்கோஸ் சுருள் பிடிக்குமா என்று கேட்கிறார் என்றார். பிடிக்கும் என்றேன்.

நாளை காலை ஏழரைக்குக் கூடத்துக்குப் போக வேண்டும். WF 263ஐ மேசையின் நடுவில் வைத்து, பக்கத்தில் வாசல் சீட்டின் நகலை வைக்க வேண்டும். மேசை ஓரத்தில் 118 அட்டையை வைத்து, இந்த எண்ணை எங்காவது பார்த்தவர்கள், கைப்பிடி மரத்தைக் கழற்றிப் பார்த்த பிறகு, என்னிடம் சொல்லும்படி எழுத வேண்டும்.