‘இல்லை’ என்று எழுதிய கட்டம்

வார்டு உறுப்பினர் தேர்தலுக்கு சௌந்தரம் நிற்க வேண்டும் என்று தெருவே சொன்னது. பேரணாம்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் தோல் கழிவு குடிநீர்க் கிணற்றில் இறங்கியபோது, பெண்களைத் திரட்டிக்கொண்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போனவள் அவள்தான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. எல்லாரும் சொல்லச் சொல்ல அவளுக்கும் ஆசை வந்துவிட்டது.

வேட்புமனுவை மகள் ஹேமலதா நிரப்பினாள். கல்லூரியில் முதல் வருடம். முத்து முத்தான கையெழுத்து. உறுதிமொழிப் படிவத்தில் ஓரிடத்தில் பேனா நின்றது.

"கோர்ட்ல தண்டனை வாங்கியிருக்கியான்னு கேக்குறாங்கம்மா." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "இல்லைன்னு போட்டுடவா?"

சௌந்தரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "போடு" என்றாள்.

பதினாறு வருடங்களுக்கு முன், வேறொரு கம்பெனியில், டிபன் பாக்ஸுக்கு அடியில் இரண்டு தோல் துண்டுகளை மறைத்து எடுத்துவந்தாள். வறுமை என்று சொல்லக்கூட வழியில்லை. எல்லாரும் எடுக்கிறார்களே என்று எடுத்தாள். கேட்டில் அகப்பட்டது அவள் ஒருத்திதான். மாஜிஸ்திரேட் முன் ஒப்புக்கொண்டாள். அபராதம், கோர்ட் கலையும் வரை காவல். சாயங்காலம் வரை சுவரோரமாக நின்றாள். அப்போது ஹேமலதாவுக்கு இரண்டு வயது. விஷயம் தெரிந்தவர் கணவர் மட்டும்தான். அவரும் இப்போது இல்லை.

அந்த வார்டில் மூன்று பேர் மனு செய்திருந்தார்கள். பரிசீலனையன்று அவர்களில் ஒருவரான கோவிந்தசாமியின் படிவத்தை அதிகாரி இரண்டு முறை படித்தார். வரப்புத் தகராறில் அண்ணனை மண்வெட்டியால் அடித்து ஒரு வருடம் ஜெயிலில் இருந்ததை அந்த மனிதர் மறைக்காமல் எழுதியிருந்தார்.

"தண்டனை முடிஞ்சு ரொம்ப வருஷம் ஆயிட்டுது. நிக்கறதுக்குத் தடையில்லை" என்று அதிகாரி மனுவை ஏற்றார். சௌந்தரத்தின் மனுவும் ஏற்கப்பட்டது. படிவங்கள் அறிவிப்புப் பலகைக்குப் போயின.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் அதே பேச்சு.

"ஜெயிலுக்குப் போனவருக்கு ஓட்டா? இன்னா தைரியம் பாரேன்!" என்றாள் கூட வேலை செய்யும் நிஷா. "நம்ம அக்காவோடது பாரு, எல்லாத்துக்கும் இல்லை, இல்லைதான்."

பஸ்ஸே சிரித்தது. சௌந்தரமும் சிரித்தாள். தன் சிரிப்பு தன் காதிலேயே விழுந்ததும் உடம்பு கூசிப்போனது. அன்று முழுக்கத் தையல் கோணிக்கொண்டே போனது.

மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாள், லீவு போட்டுவிட்டு அதிகாரியிடம் போனாள்.

"படிவத்துல ஒண்ணு தப்பா எழுதிட்டேன் சார். திருத்தணும்."

"இனிமே திருத்த முடியாதும்மா. வேணும்னா வாபஸ் வாங்கலாம். இன்னா தப்பு?"

"வாபஸே வாங்கிக்கறேன் சார்" என்றாள்.

ஹேமலதா வீட்டு வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "ஏம்மா? யாராவது மிரட்டினாங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சௌந்தரம் கீழே உட்கார்ந்து, கேட் முதல் கோர்ட் வரை எல்லாவற்றையும் சொன்னாள். மகள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

ஹேமலதா அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "நான் கேட்டப்பவே சொல்லியிருந்தா அப்படியே எழுதியிருப்பேன். கோவிந்தசாமி மாதிரி நீயும் நின்னிருப்பே. இப்போ என் கையெழுத்துல பொய் எழுத வெச்சிட்டியேம்மா."



ஓட்டுப்போடும் நாளில் நிஷாவோடு நடந்து போனாள். ஓட்டுச்சாவடி இருந்த பள்ளிக்கூடத்துக்குத் தள்ளி, தெரு முனையில் கோவிந்தசாமி கைகூப்பி நின்றார். சௌந்தரம் அவர் எதிரில் நின்றுவிட்டாள்.

"அண்ணா, நானும் திருட்டு கேஸ்ல தண்டனை வாங்கினவதான். அதை எழுதலை. பஸ்ல உங்களைச் சொல்லிச் சிரிச்சப்போ நானும் சேர்ந்து சிரிச்சேன்."

அவர் திகைத்துப்போனார். "சரிம்மா... போய் ஓட்டைப் போடு. வெயில் ஏறுது" என்றார்.

நிஷா வரிசையில் இரண்டு ஆள் தள்ளிப்போய் நின்றுகொண்டாள். சௌந்தரம் கோவிந்தசாமிக்கே ஓட்டுப் போட்டாள். அவர் ஏழு ஓட்டில் தோற்றார். அவர் வீடு இருக்கும் தெரு வழியாகப் போக அவளுக்கு வெகுநாள் கால் வரவில்லை.