பொன்விழா வரலாற்றில் ஒரு வரி

1

இந்தக் கதை ஞானோதயத்தில் பிறக்கவில்லை, ஒரு கடிதத்தில் பிறந்தது. பல்கலைக்கழகத்தின் சமூக அறிவியல் ஆய்வு நிறுவனத்துக்கு ஐம்பது வயதாகிறது, வரலாறு எழுதித் தாருங்கள் என்று இயக்குநர் கேட்டிருந்தார். கதை எழுதுகிறவனிடம் வரலாறு கேட்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். (ஆகவில்லை. என் மகள் அங்கே தற்காலிக ஆய்வாளர். வேலை நிரந்தரமாகப் போகிற நேரம்.)

2

முதல் தொடக்கம்: "ஒரு வாடகை மாடியில், மூன்றே நாற்காலிகளுடன்..."

அடித்துவிட்டேன். எல்லா நிறுவனங்களும் மூன்று நாற்காலியில்தான் பிறக்கின்றன.

இரண்டாவது: "சமூகம் என்றால் என்னவென்று சமூகத்துக்கே தெரியாத காலத்தில்..."

இதுவும் போயிற்று.

3

நிறுவனத்துக்குப் பேர் வாங்கித் தந்தது ஒரே கணக்கெடுப்பு. 'ஆண்டுக்கு எத்தனை முறை உறவினர் வீட்டுக்குப் போகிறீர்கள்?' சராசரி விடை, முப்பத்தைந்து. சொந்தபந்தம் இன்னும் சாகவில்லை என்று இதை வைத்து முதல் இயக்குநர் ஏழு நாடு சுற்றினார். அவருடைய மாணவரான இன்றைய இயக்குநர் இதை வைத்தே முனைவரானார்.

4

இங்கே ஒரு பெண் வருகிறார். (நான் வரவழைக்கவில்லை, அவரே வீடு தேடி வந்தார்.) அன்று படிவங்களை அட்டவணை போட்ட எழுத்தர். பதில் சொல்லாதவர்களுக்கு 99 என்று குறிப்பார்கள். சராசரி பார்க்கும்போது அதை விட்டுவிட வேண்டும். முதல் இயக்குநர் விடவில்லை. மூன்றில் ஒருவர் பதிலே சொல்லவில்லை. ஆக, வாயே திறக்காதவர்கள் ஊரிலேயே பெரிய பாசக்காரர்களாகிவிட்டார்கள். பதில் சொன்னவர்கள் போய்வந்தது சராசரி மூன்று முறை.

"அப்பவே போய்ச் சொன்னேன் தம்பி. 'ஏம்மா, ஜனங்க பாசமா இருந்தா உனக்கென்ன கஷ்டம்?'னு கேட்டாரு."

அடுத்த வாரமே பழைய தாள் கிடங்குக்கு மாற்றல். இருபத்திரண்டு வருடம். 'தொண்ணூற்றொன்பது அக்கா' என்று பட்டப்பெயர் வேறு.

"போட்டோ வேணாம், பாராட்டு வேணாம். நான் அப்பவே சொன்னேன்னு ஒரு வரி போடுங்க, போதும்."

போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

5

இயக்குநர் கைப்பிரதியைப் படித்தார்.

"பிரமாதம் சார். அந்த ஒரு வரி மட்டும்... விழா மலர்ல அது எதுக்கு?" கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "உங்க பொண்ணோட ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு. நல்லபடியா முடிச்சிடலாம்."

மிரட்டல் இல்லை, பாருங்கள். இரண்டும் தனித்தனி வாக்கியங்கள். இவற்றுக்குள் தொடர்பு உண்டென்று நிறுவ வேண்டுமானால் தனியாக ஓர் ஆய்வு...

(வேண்டாம்.)

6

முடிவு அ: வரி இருக்கிறது. மகள் வேறு வேலை தேடுகிறாள். என்னோடு பேசுவதில்லை.

முடிவு ஆ: வரி இல்லை. நான் மேடையில், கைதட்டலுக்கு நடுவே. கடைசி வரிசையில் அந்த அம்மா மலரைப் பக்கம் பக்கமாக விரல் வைத்துத் தேடுகிறார்.

முடிவு இ: மகளே, "எழுதுங்கப்பா, பரவாயில்ல" என்கிறாள். (கதையில் வரும் மகள்கள் அப்படித்தான். என் மகளிடம் கேட்டுப் பார்த்தேன். "விளையாடாதீங்கப்பா" என்றாள்.)

7

அச்சக ஆள் வாசலில் நிற்கிறார். ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். இந்தாருங்கள் பேனா, நீங்களே எழுதிவிடுங்கள். உங்கள் வீட்டுப் பெண் யாரும் அங்கே வேலையில் இல்லையே.