இரண்டு மிதி

நான் இரண்டு நாளாகக் கட்டிய பதினேழு பெட்டிகளில் ஒன்பதை அவள் அரை மணி நேரத்தில் பிரித்துப் போட்டாள். யாரையும் கேட்கவில்லை. வாசலில் செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தவள், முதல் பெட்டியைத் தூக்கிக் காதோரம் வைத்துக் குலுக்கினாள். உள்ளே தட்டும் டம்ளரும் கலகலத்தன. இடுப்பில் செருகியிருந்த சாவியை உருவி, நான் நேர்த்தியாக ஒட்டியிருந்த டேப்பை ஒரே கீறலில் கீறினாள்.

"பெட்டி பேசக் கூடாது," என்றாள். "பேசற பெட்டி முழுசாப் போய்ச் சேராது. என்ன பட்டதாரி நீ?"

கீழ்வீட்டுக்காரி. ஒரு கூரியர் குடோனில் இரவு வேலை, ஊர்வாரியாகப் பார்சல் பிரிக்கிறவள். அம்மாவுக்கு அவள் அக்கா. எனக்கு அவள் இடி. நேரில் எந்த முறையும் வைத்து நான் கூப்பிட்டதில்லை. "கொஞ்சம் நகருங்க", "கேட்டைச் சாத்துங்க", அதற்கு மேல் பேச்சு வைத்துக்கொண்டதில்லை.

காரணம் இருக்கிறது. ஒன்பது வருடமாக, ஞாயிறு திங்கள் என்று பார்க்காமல், காலை ஐந்து மணிக்கு அவள் தன் வீட்டுக் கூரையைத் துடைப்பக் கம்பால் இடிப்பாள். அவளுக்குக் கூரை, எனக்குத் தரை. சரியாக என் முதுகுக்குக் கீழே. அம்மா அந்த நேரத்தில் வீட்டில் இருக்கமாட்டாள். பஸ் டிப்போவில் முதல் வண்டி கிளம்புவதற்குள் எல்லா வண்டிகளையும் கூட்டிக் கழுவ வேண்டும், நாலு மணிக்கே போய்விடுவாள். நான் தனி ஆள். தூக்கம் கெட்ட வெறியில் படுத்தபடியே குதிகாலால் ஓர் உதை விடுவேன். உடனே இன்னொரு இடி வரும். எழுந்து நின்று இரண்டு காலாலும் தொம் தொம் என்று மிதிப்பேன். அப்போதுதான் அடங்கும். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வேன். அதற்குள் தூக்கம் ஓடியிருக்கும். போனது போகட்டும் என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருவேன்.

அம்மாவிடம் நூறு முறை சொல்லியிருக்கிறேன். "பாவம், நைட்டு வேலை, அவங்களுக்கு என்ன கஷ்டமோ," என்று பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வாள். என் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அவள் போனில் ஆட்களின் பெயருக்குப் பதில் படம் வைத்துக் கொடுத்தது நான்தான். டிப்போ சூப்பர்வைசருக்கு பஸ். எனக்குப் புத்தகம். கீழ்வீட்டுக்குத் துடைப்பம். வேண்டுமென்றேதான் வைத்தேன். அதைப் பார்த்து அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவ்வளவு பெரிய ஜோக்கா அது என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பதினாலு வருடம் இருந்த வீடு. என் வேலையோடு குவார்ட்டர்ஸ் கிடைத்தது. மூன்றாவது மாடி, இரண்டு அறை, மழை பெய்தால் வாளி வைக்கத் தேவையில்லாத கூரை. எனக்கு இது விடுதலை. அம்மாவுக்கு என்னவென்று தெரியவில்லை. இரண்டு நாளாக நான் குப்பைக்கு ஒதுக்கியதையெல்லாம் அவள் பின்னாலேயே வந்து திரும்ப எடுத்தாள். மூடி தொலைந்த டப்பா, டப்பா தொலைந்த மூடி. "ரெண்டும் என்னைக்காவது சேரும்டி," என்றாள். கத்தினேன். அவள் அழுதாள். அப்புறம் நான் கத்தியதற்காக அழுதேன். வீடு மாற்றுவது என்றால் இதுதான் போலிருக்கிறது, பெட்டி கட்டுவதைவிட இதற்குத்தான் அதிக நேரம் ஆகிறது. லாரி பன்னிரண்டு மணிக்கு வரும். அதே நேரத்துக்கு வீட்டுக்காரரின் மேனேஜர் சாவி வாங்க வருவான்.

அந்த மேனேஜரிடம் நாலு நாள் முன்பே ஒரு காரியம் செய்துவிட்டு வந்திருந்தேன். வீடு காலி செய்கிற கடிதத்தோடு இன்னொரு கடிதம். 'பொருள்: கீழ்த்தளக் குடியிருப்பாளரின் தொடர் தொந்தரவு குறித்து.' ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு. தேதி, நேரம், சத்தத்தின் தன்மை, கூரைக்கு நேரக்கூடிய சேதம். அடுத்து வருகிறவர்களாவது தூங்கட்டும் என்று எழுதினேன். பொய், அந்த நல்லெண்ணம் எல்லாம் இல்லை. போகும்போது ஒரு அடி கொடுத்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். எங்கள் பரம்பரையில் பேனா பிடித்த முதல் கை இது. சும்மா இருக்கவிடாது. இந்தக் கட்டடத்தில் எல்லார் மனுவும் நான் எழுதியதுதான், எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை.

"தட்டைப் படுக்க வைக்காதே. நிக்க வை." அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் பழைய துணியைச் செருகினாள். "படுத்தா மேல விழற பாரத்தைத் தாங்காது. நின்னா தாங்கும்." புத்தகப் பெட்டியைத் தூக்கப் பார்த்துவிட்டு இறக்கினாள். "கனம் உள்ளது சின்னப் பெட்டியில போகணும். இவ்வளவு பெரிய பெட்டியில இத்தனை புக்கா? லோடுமேன் இடுப்பு என்ன, உன் மாமனார் சொத்தா?"

அம்மா சிரித்தாள். இரண்டு நாளில் முதல் சிரிப்பு. எனக்கு எரிந்தது. ஆனாலும் அவள் கை போகிற வேகத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நான் இரண்டு நாளில் செய்து தோற்றதை அவள் பேசிக்கொண்டே செய்தாள். குலுக்கினால் ஒரு பெட்டியும் வாய் திறக்கவில்லை.

டேப்பைப் பல்லால் கடித்துக்கொண்டே கேட்டாள். "நாளையிலேருந்து உன்னை யாரு எழுப்புவா?"

"என்னது?"

"அஞ்சு மணிக்கு."

ஒன்பது வருடம் சேர்த்துவைத்த வார்த்தைகள் தொண்டைக்கு வந்துவிட்டன. "எழுப்பறதா? அதுக்கு எழுப்பறதுன்னா பேரு? மனுஷங்க தூங்கற நேரத்துல தரையை இடிச்சு..."

அவள் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள். "ஏண்டி, நீ இவகிட்ட சொல்லவே இல்லியா?"

அம்மா போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். போர்வையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு அதற்குப் பின்னாலிருந்து பேசினாள். "சொன்னா எழுந்திருப்பாளாக்கா இவ? நல்லதுக்குத்தான்னு சொன்னா திரும்பிப் படுத்துக்குவா. கோபம் வந்தாத்தான் எழுந்திருப்பா. நான் பெத்தது, எனக்குத் தெரியாதா?"

பத்தாம் வகுப்பில் அரையாண்டு கணக்குப் பரீட்சை அன்று நான் தூங்கிப்போனேன். அம்மா பதினோரு மணிக்கு டிப்போவிலிருந்து வந்து பார்த்தபோது வாயைத் திறந்துகொண்டு கிடந்தேன். அதற்கு அடுத்த வாரம்தான் முதல் இடி. அப்புறம் கல்லூரியில் கணக்கே பாடமாக எடுத்துப் படித்தவள் நான். அந்தப் பரீட்சையையும் இடியையும் கூட்டிப் பார்க்க ஒன்பது வருடத்தில் எனக்குத் தோன்றவில்லை.

"ஒரு மிதி வந்தா நீ படுத்துக்கிட்டே உதைக்கறேன்னு அர்த்தம்," அவள் டேப்பை இழுத்து ஒட்டினாள். "திரும்ப ஒண்ணு குடுப்பேன். ரெண்டு மிதி வந்தா நீ எழுந்து நின்னுட்டே. அதுக்கப்புறம்தான் நான் படுக்கறது. நாலரைக்கு வந்துடுவேன். அந்த அரை மணிதான் பெரும்பாடு. உட்கார்ந்தா தூங்கிடுவேன்னு கம்பைப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டே இருப்பேன்."

"எனக்கு வேலை கிடைச்சே ஏழு மாசம் ஆச்சு. இன்னும் எதுக்கு?"

"நிறுத்துன்னு யாரும் சொல்லலியே. நீயும் தினமும் பதில் குடுத்துக்கிட்டுத்தானே இருந்தே."

அந்தக் கடிதம் பாயிண்ட் பாயிண்டாக ஞாபகம் வந்தது.

பபிள் கவர் எடுத்து வருகிறேன் என்று அவள் கீழே போனாள். சொல்லிவிட வேண்டும் என்று நான் பின்னாலேயே ஓடினேன். பதினாலு வருடத்தில் அந்த வீட்டுக்குள் நான் கால் வைப்பது அதுதான் முதல் முறை. ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், கதவுக்குப் பின்னால் அந்தத் துடைப்பம். முனையில் பழைய துணியைப் பந்து மாதிரிச் சுற்றிக் கட்டியிருந்தது. "ரொம்ப வலிக்காம இருக்கட்டும்னு," என்றாள், நான் அதைப் பார்ப்பதைப் பார்த்து. அண்ணாந்தேன். கூரையில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து, நடுவில் விரல் ஆழத்துக்குக் குழி விழுந்திருந்தது. நான் முதுகு சாய்த்துப் படுத்த இடம்.

"அதேதான், அதேதான்." வாசலில் மேனேஜர். போனை உயர்த்திக் குழியைப் படம் எடுத்தான். இன்னொரு கையில் என் கடிதம். பன்னிரண்டு மணிக்கு வருகிறவன் பதினொன்றுக்கே வந்திருந்தான். "மேடம் தெளிவா எழுதியிருக்காங்க. நாங்களே சொன்னா நீங்க நம்பமாட்டீங்க. இப்ப குடியிருந்தவங்களே எழுத்துல குடுத்திருக்காங்க. இந்தக் கீழ் போர்ஷனைக் காலி பண்ணணும்னு முதலாளி ரொம்ப நாளாச் சொல்லிட்டிருக்காரு. ஒரு காரணம் வேண்டியிருந்தது."

அவள் கடிதத்தைக் கையில் வாங்கினாள். தினமும் ஆயிரம் விலாசம் படிக்கிற கண். என் கையெழுத்தில் விரலை வைத்து, ஒவ்வொரு எண்ணாக, கடைசி வரி வரைக்கும் படித்தாள். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"நல்லா எழுதியிருக்கே," என்றாள். குரலில் குத்தல் இல்லை. அதுதான் கொன்றது. "இந்த மாதிரி எழுதணும்னுதானே தினமும் எழுப்பினேன்."

எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. கோபப்படத்தான் தெரியும். மேனேஜர் பக்கம் திரும்பினேன். "அந்த லெட்டரைத் திருப்பிக் குடுங்க. தப்பா எழுதிட்டேன்."

"இது ஜெராக்ஸ் மேடம். ஒரிஜினல் ஃபைலுக்குப் போயாச்சு."

"அப்ப இன்னொண்ணு எழுதறேன். அதையும் ஃபைல்ல வைங்க."

"காலி பண்ணிட்டுப் போறவங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலை?"

"காலி இன்னும் பண்ணலை. சாவி என் கையிலதான் இருக்கு. லெட்டரை வாங்கிட்டேன்னு கையெழுத்துப் போட்டா சாவி. இல்லேன்னா பெட்டியெல்லாம் மறுபடி பிரிச்சு அடுக்கிட்டு உட்கார்ந்துக்கறேன். உங்க முதலாளிகிட்ட நீங்களே சொல்லிக்குங்க."

மாடிக்கு வந்தால் ஒரு வெள்ளைத்தாள் வெளியே இல்லை. எல்லாம் கட்டியாகிவிட்டது. பின்னாலேயே வந்தவள் இடுப்புச் சாவியை எடுத்து, அவளே ஒட்டிய புத்தகப் பெட்டியைக் கீறிக் கல்லூரி நோட்டு ஒன்றை உருவிக் கொடுத்தாள். அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிக்கொண்டே பெட்டி மேலேயே வைத்து எழுதினேன். 'மேற்படி சத்தம் எங்கள் வீட்டின் வேண்டுகோளின் பேரில், என்னைப் படிக்க எழுப்புவதற்காக ஏற்படுத்தப்பட்டது. இதனால் நான் பயனடைந்தேன். விவரம் அறியாமல் புகார் கொடுத்தது என் பிழை. கூரைச் சேதம் என் பொறுப்பு, சரிசெய்து தருகிறேன்.' பயனடைந்தேன் என்ற சொல்லில் கை கொஞ்சம் நின்றது. ஒன்பது வருடத்துக்கு அந்த ஒரு சொல்தான் கிடைத்தது. மனுவில் அதற்கு மேல் எழுத இடம் கிடையாது.

"நான்தான் இடிக்கச் சொன்னேன்னு போட்டியா?" என்றாள் அம்மா. "போட்டிருக்கேம்மா." நம்பாமல் மார்க்கரை எடுத்துத் தன் கட்டைவிரலில் தேய்த்து, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அழுத்தினாள். ரேகை தெரியாமல் கறுப்பாக அப்பியது.

மேனேஜர் கையெழுத்துப் போட்டான். சாவியை வாங்கிப் பையில் போட்டான். "ரெண்டையும் முதலாளி பார்ப்பாரு. அப்புறம் அவர் இஷ்டம்," என்றான்.

லாரி வந்தது. லோடு ஏற்றியதும் அவள்தான். எதன் மேல் எது, எது நிற்க வேண்டும், எது படுக்க வேண்டும் என்று தெருவில் நின்று கை காட்டிக் கத்தினாள். டிரைவரே அவளை முதலாளி என்று நினைத்து "சரிம்மா, சரிம்மா" என்றான். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"பெரியம்மா, அந்தாள் ஏதாவது சொன்னா உடனே எனக்குப் போன் பண்ணுங்க. நான் வரேன். கொத்தனாரையும் கூட்டிட்டு வரேன்."

"பெரியம்மாவா?" லாரிக் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். "ஏறு. வண்டியில கண்ணாடிச் சாமான் இருக்கு, டிரைவரைப் பேச விடாதே."

குவார்ட்டர்ஸில் இரவு முழுக்க எனக்கு நல்ல தூக்கம். சுற்றிலும் பதினேழு பெட்டி, ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. லீவு போட்டிருந்த அம்மா பக்கத்தில் போர்வைக்குள் இருந்தாள். சன்னலில் இன்னும் வெளுக்கவில்லை. அம்மாவின் போன் ஒரு பெட்டி மேல் அதிர்ந்து, ஒரே ஒரு முறை அடித்து, நின்றது.

படுத்தபடியே எட்டிப் பார்த்தேன். திரையில் துடைப்பம். மணி ஐந்து.

திரும்பிப் படுத்தேன். மறுபடி ஒரு முறை அடித்து நின்றது.

எழுந்து நின்றேன். காலைத் தூக்கிவிட்டு நிறுத்திக்கொண்டேன், கீழே யாரோ முன்பின் தெரியாதவர்கள். போனை எடுத்து அந்தத் துடைப்பத்தை அழுத்தினேன். இரண்டு முறை அடிக்க விட்டுக் கட் பண்ணினேன். அந்த வீட்டிலிருந்துதான் கூப்பிட்டாளா, குழிக்குக் கீழேதான் நிற்கிறாளா, மேனேஜர் மறுபடி வந்தானா என்று மிஸ்டு காலில் எதுவும் தெரியாது. பதில் போய்ச் சேர்ந்துவிட்டது, இனிமேல் படுப்பாள்.

திரை அணைந்தது. உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்று, போனைப் பிடித்துக்கொண்டு பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டே இருந்தேன்.