கைதட்டல் வருவதற்குள்

பிச்சைமுத்துவுக்கு நாயனத்தில் இருந்த ஞானத்தில் கால்வாசி பொறுமையிலும் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் ராகம் எடுத்தாரென்றால் எதிரே நாலு பேர் "ஆகா" என்று தொடையைத் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும். கோயில் வீதியில் வாசித்தே வளர்ந்தவர். அவருக்குத் தெரிந்த ரசிகன் அப்படித்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் திருச்சியில் ஒரு சபாவைச் சேர்ந்தவர்கள், கச்சேரியை அப்படியே டேப்பில் பதிவு செய்யப்போவதாகச் சொல்லி அவரை அழைத்தார்கள். மூச்சுக் காட்டக்கூடாது என்று கூட்டத்திடம் சொல்லிவைத்த புண்ணியவான்கள், வாசிக்கிறவரிடம் சொல்ல மறந்துபோனார்கள். பிச்சைமுத்து தோடியை உருகி உருகி வாசித்தார். ஒரு "பலே" இல்லை. நம் வாசிப்பு இவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டியவர், பாதியில் நாயனத்தை உறையில் போட்டுக்கொண்டு, கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் பஸ் ஏறிவிட்டார். அதன்பின் அந்த உறையை அவிழ்க்கவே இல்லை. மனைவி ராக்காயி அழுதும் பார்த்தாள், ஏசியும் பார்த்தாள்.

மறு வருஷம் ஆவூர் ஈஸ்டர் தேருக்கு வாசிக்கச் சொல்லி, அங்குள்ள கிறிஸ்தவக் கோயிலின் பாடகர் குழுவை நடத்தும் சூசைராஜ் வாத்தியார் தாம்பூலம் கொண்டுவந்தார். பிச்சைமுத்து வீட்டில் இல்லாத நேரம் பார்த்து ராக்காயி வாங்கி வைத்துவிட்டாள். அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் அவர் ஆவூருக்குப் போனார்.

வாத்தியார் வீட்டில், சிங்கப்பூர் மச்சான் கொண்டுவந்த ரிக்கார்டு பிளேயர் பாடிக்கொண்டிருந்தது. தாம்பூலத்தை மேசைமேல் வைத்த பிச்சைமுத்து, வந்த வேலையை மறந்து நின்றார்.

"என்ன வாத்தியம் இது?"

"செல்லோண்ணே. வயலினுக்கு அண்ணன்னு வச்சுக்கங்க. பெரிய மகான் வாசிக்கிறாரு."

செல்லோவின் அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எழுந்து வந்தது. வில் எங்கே திரும்புகிறது என்று பிச்சைமுத்துவுக்கே பிடிபடவில்லை. மூச்சு வாங்காத நாயனம் ஒன்று இருந்தால் இப்படித்தான் பேசும் என்று தோன்றியது. "சபாஷ்!" என்று பெட்டியைப் பார்த்துக் கத்தினார். அப்போது பெட்டிக்குள் யாரோ இருமினார்கள்.

"உள்ள ஆளு இருக்கா?"

"கச்சேரி நடக்கையிலயே எடுத்ததுண்ணே. ஆயிரம் பேரு இருப்பாங்க."

"ஆயிரம் பேரா? ஒருத்தனுக்கும் வாயில்லையா? மனுசன் உயிரக் குடுத்து வாசிக்கிறான். பாருங்க, எந்திரிச்சுப் போயிருவான்."

செல்லோக்காரர் போகவில்லை. அத்தனை மௌனத்துக்கு நடுவிலும் நின்று நிதானமாக வாசித்தார். போகப் போக இன்னும் அழகாக வாசித்தார். கடைசி நாதம் மெலிந்து மெலிந்து ஓய்ந்தது. அப்புறமும் சத்தமில்லை. பிறகு ஓட்டுக்கூரையில் கோடை மழை இறங்கினாற்போல் கைதட்டல் விழுந்தது. அது ஓயவே இல்லை.

பிச்சைமுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இம்புட்டு நேரமும் கேட்டுக்கிட்டா இருந்தாங்க?"

"அங்கிட்டு அதான் வழக்கம். முடியிற வரைக்கும் மூச்சு விடமாட்டாங்க."

"அன்னைக்கு நான் முடிக்காம வந்துட்டேனே, வாத்தியாரே!" தான் விட்டுவிட்டு வந்த கைதட்டலைவிட, முடிக்காமல் விட்ட தோடிதான் அவர் நெஞ்சை அறுத்தது.

ரிக்கார்டை இன்னொரு தடவை போடச் சொன்னார். இம்முறை கடைசிவரை வாய் திறக்கவில்லை. முடிந்ததும் எழுந்து, மேசைமேல் இருந்த தாம்பூலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"தேருக்கு வாரேன். ஆனா ஒண்ணு. ஒங்க சனத்த வாய மூடிக்கிட்டு இருக்கச் சொல்லிராதீங்க. அந்த மனுசன் தைரியம் எனக்கு இன்னும் வரல."